தேனில் குழைத்த மாத்திரை

அர்ச்சுனன் கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது சனிக்கிழமை மதியம் மணி ஒன்று. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் மாரியம்மன் திருவிழா. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தீமிதி. தீ மிதிக்கப் போகிறவளுடைய புருஷனுக்கு அந்த நேரத்தில் ஈப்போ டவுனில் என்ன வேலை என்று நவமணிக்கு விளங்கவில்லை. மருந்து கொடுக்கும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சவரம் செய்யாத முகம், மஞ்சள் துண்டு, செருப்பில்லாத கால்.

"மருந்து முடிஞ்சிருச்சுக்கா. இன்னொரு பாக்கெட்டு வேணும். சாயங்காலம் எறங்குறதுக்குள்ள ஒண்ணு குடிக்கணும்ங்குறா."

"ரெண்டு வாரத்துக்கு முந்திதானே ஒரு மாசத்து மருந்து வாங்கிட்டுப் போனீங்க?"

"எனக்கென்னக்கா தெரியும். அவ கேக்குறா, நான் வந்து நிக்கிறேன்."

நவமணி அந்தக் கிளினிக்கில் பத்து வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். டாக்டர் விஸ்வலிங்கம் அட்டையில் எழுதுவார். இவள் அலமாரியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காலையா மாலையா என்று சொல்லி நீட்டுவாள். பையின்மேல் மருந்தின் பெயர் இருக்காது. அந்தக் காலத்தில், எழுபத்தொன்பதில், எந்தக் கிளினிக்கிலும் இருக்காது. கேட்பாரும் இல்லை. சிவப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, கூடு என்றுதான் சனங்களுக்கு மருந்து தெரியும்.

செல்லாயிக்குக் கொடுத்தது கூடு. பாதி கறுப்பு, பாதி சாம்பல் நிறத்தில் ஒரு கேப்சூல். உடம்பு இளைப்பதற்கு. பசியை அடக்கும், தினம் காலையில் ஒன்று.

செல்லாயியும் நவமணியும் ஒரே தோட்டம். நவமணி பத்து வயசு மூத்தவள், படித்து வெளியே வந்துவிட்டாள். செல்லாயி அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும் லயத்து வீட்டைக் காலி செய்யாமல் இருந்தவள். கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு முறை கரு தங்கி இரண்டு முறையும் மூன்றாம் மாசத்தில் போய்விட்டது. எடையைக் குறைத்தால்தான் அடுத்தது தங்கும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நூற்றுத் தொண்ணூறு ராத்தல் இருந்தாள். அழுதுகொண்டே இங்கே வந்தாள். அதே வாரத்தில் அம்மனுக்கும் நேர்ந்துகொண்டாள்: நாற்பத்தெட்டு நாள் விரதம், முடிவில் பூமிதி. ஒரு பிள்ளைக்காக டாக்டரிடமும் கேட்டாள், மாரியம்மனிடமும் கேட்டாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது என்றால் நாமும் இரண்டு கதவைத் தட்டுகிறவர்கள்தான்.

மருந்து அவளைப் பிடித்த பிடி இருக்கிறதே, அது யாரும் கண்டிராதது. அதே கேப்சூலைத்தான் சதாசிவம் வாத்தியார் சம்சாரமும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறாள். நாலு ராத்தல் குறைந்திருக்கிறாள், அதையும் கிளினிக்கை விட்டு இறங்கியதும் எதிர்க்கடையில் கறிபாப் தின்று சரிக்கட்டிவிடுகிறாள். செல்லாயி இரண்டு வாரத்தில் பதினைந்து ராத்தல் இறங்கினாள். பதினெட்டாம் நாள் அடுத்த பாக்கெட்டுக்கு வந்தபோது இன்னும் ஏழு. டாக்டர் தராசையே சந்தேகப்பட்டு, தான் ஏறி நின்று பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு மருந்து நல்லாப் பிடிச்சிருக்கு, பாரும்" என்று அட்டையை நவமணியிடம் ஆட்டிக் காட்டினார். மருந்துக் கம்பெனி ஆள் வந்தபோது அவனுக்கும் காட்டினார். நவமணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நம்ம தோட்டத்துப் பிள்ளை என்று. பெருமையில் இருந்தவர்கள் யாரும், ஒரு மாசத்துப் பாக்கெட் பதினெட்டு நாளில் எப்படித் தீர்ந்தது என்று கேட்கவில்லை. நவமணிக்கு மட்டும் அது தோன்றியது; செல்லாயி ஓரகத்திக்கும் கொடுத்திருப்பாள் என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு செல்லாயி வரவில்லை. விரதம் பாதி தாண்டிய பிறகு டவுனுக்கு வரக்கூடாது என்று அர்ச்சுனன் வந்து வாங்கிப் போனான்.

"அவ எப்படி இருக்கா?" என்று இப்போது கேட்டாள்.

அர்ச்சுனன் சன்னலுக்குக் கிட்டே வந்தான். கல்லுமலைக் குவாரியில் லாரி ஓட்டுகிறவன், சத்தம் போட்டே பேசிப் பழகியவன், குரலைத் தாழ்த்தினான்.

"தூங்கி ஒம்பது நாளாச்சுக்கா. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. விடிய விடிய வீட்டக் கூட்டுறா, மெழுகுறா, பேசுறா. சோறு வேணாம், தண்ணி வேணாம். அம்மா எறங்கிட்டாங்குறாங்க எல்லாரும். குறி கேக்க கோப்பெங்லேருந்து, பாகான் செராய்லேருந்துகூட ஆளு வருது. எனக்குப் பயமாவும் இருக்கு, சந்தோசமாவும் இருக்கு. என்ன சொல்றதுன்னு தெரியலலா."

"மருந்த ஒழுங்கா ஒண்ணுதான் முழுங்குறாளா?"

"முழுங்கலக்கா, இடிச்சுல்ல குடிக்கிறா. கூட்டப் பிரிச்சுத் தூரப் போட்டுட்டு, உள்ள மணிமணியா இருக்குல்ல, அத அம்மியில வச்சு நல்லா நுணுக்கி, தேன்ல கொழைச்சு நாக்குல தடவிக்கிருவா. காலையில குளிச்சதும் ஒண்ணு, வெளக்கு வச்சதும் ஒண்ணு." அவன் கொஞ்சம் தயங்கினான். "நீங்கதானேக்கா சொன்னீங்க, கூடு மாட்டெலும்புல செய்யிறதுன்னு. விரதத்துல அத எப்புடித் திங்கிறது?"



சொன்னாள். ஆமாம், இவள்தான் சொன்னாள். முதல் நாள் செல்லாயி இதே சன்னலில் நின்று, "இதுல கவிச்சி ஒண்ணும் இல்லயேக்கா?" என்று கேட்டாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். எப்போதோ காதில் விழுந்த விஷயத்தை, நமக்கும் நாலு தெரியும் என்று காட்டிக்கொள்கிற மிதப்பில், "உள்ள இருக்கறது மருந்துதான், கூடுதான் மாட்டெலும்பக் காய்ச்சிச் செய்யிறாங்களாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள். அவ்வளவுதான். சொன்னதையே மறந்தும் போனாள். கேட்டவள் மறக்கவில்லை.

டாக்டர் அறைக்குள் போய்ச் சொன்னபோது விஸ்வலிங்கம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இடிச்சோ? அந்த மணி ஒவ்வொண்டும் நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையிறதுக்கெண்டு செய்தது, நவமணி. இடிச்சுக் குடிச்சா ஒரு நாள் மருந்து ஒரேயடியா இறங்கும். வெறும் வயித்திலை. அதுவும் ரெண்டு தரம்." எழுந்து நின்றார். "நித்திரை இல்லாமல், தண்ணி இல்லாமல்... இதயம் எந்த நேரமும் நிண்டுபோகும். தீயிலை இறங்க விடக்கூடாது. ஆர் அவவுக்கு உடைச்சுத் தின்னச் சொன்னது?"

"தெரியல டாக்டர்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பத்து வருஷ வேலை, வீட்டில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகாத புருஷன், எல்லாம் சேர்ந்து அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது.

"நான் போனா, டாக்டர் வந்திட்டான் எண்டு அவ ஓடுவா. உம்முடைய தோட்டம், நீர் போம். எப்படியாவது கூட்டிக்கொண்டு வாரும், நான் பெரியாஸ்பத்திரியிலை நிக்கிறன்." கதவுவரை வந்து மெல்லச் சொன்னார்: "மருந்தாலை எண்டு ஊரிலை நிண்டு கத்த வேண்டாம்." அவருக்கும் பயம் இருந்தது.

பாக்கெட் இல்லை என்றதும் அர்ச்சுனனுக்குக் கோபம். ஒரு வழியாகச் சமாதானப்படுத்தி, அவன் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். கோப்பெங் ரோட்டில் அவன் ஓட்டிய வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் சத்தம் போட்டிருப்பாள். வழியெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து விஷயத்தைச் சொன்னாள்: மருந்து ஏறிவிட்டது, அதுதான் தூக்கம் இல்லை, அதுதான் அந்தப் பேச்சு. காற்றில் பாதி கேட்டதோ என்னவோ, அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். கூடு விஷயத்தை மட்டும் அவள் பேச்சில் எடுக்கவில்லை.

தோட்டத்தில் ரப்பர் மரம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் திருவிழாவுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கோயிலுக்கு முன்னால் பூக்குழி தயாராகிக்கொண்டிருந்தது. பதினைந்தடி நீளம், விறகு எரிந்து கங்காகி, இரண்டு பேர் நீளக் கம்பால் தட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்க முடியாத அனல். குழிக்கு இந்தப் பக்கம் பந்தலில் செல்லாயி.

நவமணிக்கு அடையாளமே தெரியவில்லை. மஞ்சள் சேலைக்குள் உடம்பைத் தேடவேண்டியிருந்தது. ரவிக்கைக் கை தோளிலிருந்து தொங்கியது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண் மட்டும் பெரிதாக, இமைக்காமல். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, இடையிடையே வேகமாகப் பேசினாள். எதிரில் நின்றவளின் மகன், யாரோ வீட்டுக் கிணறு, எங்கோ புதைத்து வைத்த தகடு, என்று ஒன்றோடொன்று ஒட்டாமல். பேசும்போதே இடது கையால் வலது கையைச் சொறிந்தாள். முழங்கை வரை தோல் கிழிந்திருந்தது.

சனங்கள் காலில் விழுந்தார்கள். குறி கேட்க வரிசையாக நின்றார்கள்.

கிட்டே போக வேறு வழியில்லை என்று நவமணியும் வரிசையில் நின்றாள். மணி மூன்று. அவளுக்கு முன்னால் பதினான்கு பேர். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். உறுமிச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. தன் முறை வந்ததும் திருநீறு வாங்குகிற மாதிரி கையை நீட்டி, செல்லாயியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. நாடி விரலுக்கு அடங்காமல் ஓடியது. நடுவில் ஒரு முறை நின்று, மறுபடியும் ஓடியது.

செல்லாயி அவளைப் பார்த்தாள். ஒரு கணம் பழைய செல்லாயியாக, சின்னக் குரலில் கேட்டாள்.

"அக்கா. மருந்து கொண்டாந்தீங்களா?"

"தர்றேன்டி. என்கூட வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம். மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி."

அவ்வளவுதான். கண் மாறியது. கையை உதறிக்கொண்டு எழுந்து நின்று அலறினாள்.

"தண்ணியில வெஷத்தக் கலந்து கொண்டாந்திருக்கா! என் பிள்ளையக் கொல்ல வந்திருக்கா! ரெண்டையும் கொன்னவ இவதான்!"

நாலைந்து பெண்கள் நவமணியைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். யாரோ தலையில் குட்டினார்கள். முந்தானை கிழிந்தது. அம்மனே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஒருத்தி கத்தினாள்.

கோயில் தலைவர் பத்துமலை, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். அறுபது வயசு, நெஞ்சு நிறையத் திருநீறு, கெட்ட மனுஷர் இல்லை. நவமணியைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்து, சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மருந்துங்கிற. அந்த மருந்த இன்னும் எத்தன பேரு திங்கிறாங்க?"

"நெறையப் பேருண்ணே."

"அதுல எத்தன பேருக்கு அருள் வந்துச்சு? எத்தன பேரு ஒம்பது நாளு தூங்காம ஆடுனாங்க? சொல்லு பாப்போம்."

"யாருமில்லண்ணே. அவ மட்டும்தான். அவ இடிச்சுத் தின்னதால..."

"இடிச்சுத் தின்னா அருள் வந்துருமா? நல்லாருக்கே கத. நாப்பத்தெட்டு நாளு பாயில படுக்காம, பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்திருக்கா. அத ஒரு டாக்டரு மாத்திரைக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா? ஒனக்கு ஈப்போ காத்து அடிச்சிருச்சும்மா. போயி மோரு குடி, தாப்பாலா, பரவால்ல, எல்லாம் சரியாயிரும்."

அவள் எழுந்து அர்ச்சுனனைத் தேடிப் பிடித்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்கு வெளங்குதுக்கா. நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா ஏழு வருசம்க்கா. பதினஞ்சே அடிதான். நடந்து முடிச்ச மறு நிமிசம் நானே தூக்கிட்டு வாரேன், ஒங்க ஆஸ்பத்திரிக்கு."

"பதினஞ்சடி தாங்க மாட்டாடா. நெஞ்சு நின்னுரும்."

"அம்மா பாத்துக்கிருவா" என்றான், அவளைப் பார்க்காமல்.

நாலரைக்குக் கரகம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பியது. பந்தலிலிருந்து அங்கே கூட்டிப்போயிருந்த செல்லாயி கரகத்துக்குப் பின்னால் வந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டு முறை கால் மடங்கி விழப்போனாள். இரண்டு முறையும் கூட்டம் "ஓம் சக்தி" என்று அலறியது. நவமணிக்கு அந்த உதட்டு நிறம் தெரிந்தது. நீலம். பத்து வருஷத்தில் அந்த நிறத்தில் வந்தவர்கள் யாரும் தங்கள் காலால் திரும்பிப் போகவில்லை.

கூட்டம் பூக்குழியை நெருங்கியது. நாற்பதடி இருக்கும்.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது. தலைவரிடமும் புருஷனிடமும். உண்மை ஒரு காசுக்குப் பெறவில்லை. இந்தச் சனங்களை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று நவமணிக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு மணி நேரமாக அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். விரதம் கெட்டவளைக் குழியில் இறக்க மாட்டார்கள். இறக்கினால் அவளுக்கு மட்டுமல்ல, பின்னால் இறங்குகிற எல்லாருக்கும் கால் வேகும், ஊருக்கே ஆகாது என்பார்கள். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை இந்தப் பெண்ணை என்ன செய்யும் என்பதும் அதே தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியும்.

முப்பதடி. இருபதடி.

நவமணி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, குழிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"எறக்காதீங்க! விரதம் கெட்டுப் போச்சு! அவ தின்னது மாடு!"

உறுமி நின்றது. கங்கு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் குடுத்தேன்! எங்க கிளினிக்கு மருந்து. கூடு மட்டும் இல்ல, உள்ள இருக்கிற மணியும் மாட்டெலும்புப் பொடிதான். நாப்பத்தெட்டு நாளும் அவ தேன்ல கொழைச்சுத் தின்னது அதான். அம்மா மேல சத்தியம்!"

பொய்ச் சத்தியம், அம்மன் முன்னால். நாக்கு கூசவில்லை என்று சொல்ல முடியாது.

பத்துமலை அவள் முகத்தையே பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னபோது சிரித்தவர், இப்போது சிரிக்கவில்லை. கரகக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு செல்லாயி பக்கம் திரும்பி, அவளைத் தாங்கியிருந்த பெண்களிடம் சொன்னார்.

"விடுங்க. தள்ளி நில்லுங்க எல்லாரும்."

விட்டார்கள். அதுவரை அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் அவளைச் சுற்றி வெறும் தரை. நடுவில் செல்லாயி, பிடிக்க ஆளில்லாமல், ஆடிக்கொண்டு நின்றாள். பேச்சு நின்றுவிட்டது. நவமணியை மட்டும் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். "கூட்டத் தூக்கிப் போட்டுட்டேன்க்கா. ஒண்ணு விடாமத் தூக்கிப் போட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே விழுந்தாள்.

யாரும் தொட வரவில்லை. அர்ச்சுனன் தலைப்பக்கம், நவமணி கால்பக்கம். அந்த உடம்பு தூக்குவதற்கு அவ்வளவு லேசாக இருந்தது. ஐஸ்கிரீம் விற்க வந்த சீனத்து ஆள் ஒருவர்தான் தன் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார். ஈப்போ போய்ச் சேருகிறவரை நவமணி அவள் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. கோப்பெங் ரோட்டில் ஒரு இடத்தில் அது நின்றது. நவமணி பேர் சொல்லிக் கத்தி, கன்னத்தில் அறைந்து, நெஞ்சில் குத்தினாள். மறுபடி வந்தது.

பெரியாஸ்பத்திரி வாசலில் டாக்டர் விஸ்வலிங்கம் சொன்னபடியே நின்றிருந்தார்.

இரண்டு நாள் செல்லாயி கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து, எறும்பு என்று கத்தினாள். பெரிய டாக்டர் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார்; விஸ்வலிங்கம்தான் மருந்து விவரத்தை முழுவதும், தன் பெயரோடு, எழுதிக் கொடுத்து நிறுத்தினார். அன்றைக்கு நவமணி அவரிடம் சொன்னாள்: "கூடு மாட்டெலும்புன்னு சொன்னது நான்தான் டாக்டர்." "அது உண்மைதானே, பிள்ளை" என்றார் அவர். "நான் ஒருக்காலும் அவவுக்கு எப்படி விழுங்கிறது எண்டு சொல்லயில்லை." வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். கோயிலைக் கழுவித் தீட்டுக் கழித்து, திருவிழாவுக்கு வேறு தேதி குறித்திருந்தார்கள். செல்லாயி வீட்டு வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கும் ஊரில் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகக் கேள்வி.

நவமணி பத்துமலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே இருந்தது வெறும் மருந்து, மாடு இல்லை, அவள் விரதம் ஒரு நாள்கூடக் கெடவில்லை, குழியில் இறங்கவிடாமல் தடுக்கத்தான் நான் பொய் சொன்னேன், வேண்டுமானால் கூட்டத்தைக் கூட்டுங்கள், எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

"அம்மா முன்னாடி சத்தியம் பண்ணிச் சொன்ன" என்றார் பத்துமலை.

"பொய்ச் சத்தியம்ணே."

"அன்னிக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னிக்குச் சொல்றத மட்டும் எத வச்சு நம்புறது?" அவர் குரலில் கோபம் இல்லை. "அந்தப் பிள்ளைக்குப் பரிஞ்சு வந்திருக்க. நல்ல மனசு. போயிட்டு வா."

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். செல்லாயி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அர்ச்சுனன் இரண்டு நாளாக வரவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னாள். எதிரே ஆஸ்பத்திரித் தட்டில் சோறும் மீனும் பயற்றங்காயும் ஆறிக்கொண்டிருந்தன.

"பசிக்குதுக்கா" என்றாள் செல்லாயி. "நேத்துலேருந்து பசிக்குது. சாப்புடப் பயமா இருக்கு. விரதம் முடிக்கல."

நவமணி கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இதற்குள் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி, எங்கே தொடங்குவது என்று பழகிப்போயிருந்தது. மணியில் மாடு இல்லை. அது பொய். உன்னை நிறுத்தச் சொன்ன பொய். உன் விரதம் கெடவே இல்லை. எல்லாம் என்னால் வந்தது, என் வாயால் வந்தது. தலைவரிடமும் சொல்லிவிட்டேன், நம்பவில்லை, மறுபடியும் போய்ச் சொல்வேன்.

செல்லாயி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தட்டிலிருந்த மீனை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

"அப்ப நான் சுத்தமாத்தான் இருந்தேன்."

"சுத்தமாத்தான் இருந்தே."

"அம்மாவுக்கு அது தெரியும்ல?"

"தெரியும்டி. அவளுக்குத் தெரியாமலா."

"அப்பறம் ஏன்க்கா என்னைய நடக்க விடல?"

"செத்துப் போயிருப்பேடி. அந்தக் குழியிலயே செத்துப் போயிருப்பே. வேனுல வர்றப்பவே நாடி நின்னுச்சு, நான் பாத்தேன்."

"நடந்துட்டுத்தானேக்கா செத்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். நவமணிக்கு அழுகைதான் வந்தது. பத்து வருஷமாக அந்தச் சன்னலுக்குப் பின்னால் நின்று ஒரு நாளும் யார் முன்னாலும் அழாதவள், வார்டு முழுக்கப் பார்க்க அழுதாள்.

செல்லாயி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.